கொக்கித் தராசு

சாராய ஆலையில் இருபத்தாறு வருஷம்
அட்டைப்பெட்டிப் பிரிவில் இருந்தவன் நான்.
பெட்டிக்குப் பன்னிரண்டு பாட்டில்.
ஒட்டுவதற்கு முன் காதோரம் தூக்கி
ஒருதரம் அசைப்போம்.
சத்தம் வந்தால் பிரித்து, மறுபடி அடுக்கணும்.
ஞானோபதேசத்துக்கு அடுத்து
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அதனால்தான் சொன்னேன், செசிலி,
நகர்ந்துகொள், பெட்டியை என்னிடம் விடு.

துலூஸில் மகளுக்கு எட்டாம் மாசம்.
விமானக்காரன் தருவது இருபத்து மூன்று கிலோ.
கட்டில்மேல் நீ பரப்பியிருப்பது
ஒரு மளிகைக்கடையும் பாதி மருந்துக்கடையும்.

கனமானது முதலில், சக்கரத்துப் பக்கம்.
நிமிர்த்தினால் எல்லாம் அங்கேதானே இறங்கப்போகிறது.
லேகிய டப்பா, சுக்கு, வடவம், பண்ருட்டி முந்திரி
இப்போதே போய் உட்காரட்டும்.
சேலையை மடிக்காதே,
மடித்தால் மூலைக்கு மூலை காற்று.
பாயைப்போல் சுருட்டு, முழங்காலால் அழுத்து.
நேரு வீதியில் வாங்கிய உன் முதல் ஷூ
வெறும் வயிற்றோடு போகக் கூடாது:
இடது காலில் பூண்டு, வலது காலில் ஓமம்.

"ஷூவுக்குள்ளயா திங்கிற சாமான்?"
இன்னும் மண்ணை மிதிக்காத ஷூ, செசிலி.
"மிதிக்காட்டியும் காலுக்குத்தானே?"
பூண்டை எடுத்துவிட்டாய். ஓமத்தை மறந்துவிட்டாய்.
நான் நினைவூட்டவில்லை.

குழந்தைக்கு ஆகுமென்று
என் பழைய வேட்டி ஆறையும் கிழித்து வைத்திருந்தாய்.
நல்லது. ஊறுகாய் பாட்டிலுக்கு அதுதான் வைக்கோல்.
போகிறவரை பாட்டிலைக் காக்கும்,
போய்ச் சேர்ந்தால் பேரனையோ பேத்தியையோ துடைக்கும்.
ஒரே ஒரு வேலை செய்கிற எதையும்
பெட்டியில் ஏற்றாதே என்றேன்.
அப்போது ஏன் என்னை
மேலும் கீழுமாகப் பார்த்தாய்?

அப்புறம் அந்த இடிகல்.
மூணு கிலோ இருநூறு.
நான் வெளியே வைத்தேன், நீ உள்ளே வைத்தாய்,
நான் வெளியே வைத்தேன்.
நீ அடுப்படிக்குப் போய்
பால் பொங்கும்வரை பேசாமல் நின்றாய்.
அங்கே மிக்ஸி கிடைக்காதா என்றேன்.
"ராத்திரி ரெண்டு மணிக்கு மிக்ஸி போட்டா
புள்ள எழுந்துக்கும்."
அந்தக் கணக்கு ஆலையில் யாரும் சொல்லித் தரவில்லை.
கல் உள்ளே போனது.

வைத்திக்குப்பத்து அஞ்சலாட்சியிடம்
மீன் தூக்கும் கொக்கித் தராசை இரவல் வாங்கிவந்தேன்.
சாம்பல் போட்டுத் தேய்த்தும் வஞ்சிர வாசம் போகவில்லை.
துணி காயப்போடும் மூங்கிலில் தராசைக் கட்டி
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ.
முள் ஆடி ஆடி நின்றது.
இருபத்தாறும் ஒரு ஐம்பது கிராமும்.

நீயாகவே கல்லை எடுத்தாய்.
முகத்தில் சண்டை இல்லை.
எனக்கு அதுதான் சந்தேகம்.

இருபத்திரண்டு எண்ணூற்றைம்பது.
ஜிப்பை இழுத்து, பெட்டியை நிமிர்த்தி,
காது வைத்து உலுக்கினேன்.
சத்தமே இல்லை.

மீனம்பாக்கத்தில் அவர்கள் மெஷின்
இருபத்திரண்டு தொள்ளாயிரம் என்றது.
அப்படியானால் அஞ்சலாட்சி இத்தனை நாளும்
ஊருக்கே துளித்துளி அதிகம் நிறுத்திருக்கிறாள்.
இதை உன்னிடம் சொல்லத் திரும்பினேன்.
நீ வரிசையில் போய்விட்டாய்.
தோள்பையின் வார் தோளில்
விரல்கடை ஆழம் பதிந்திருந்தது.
கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

மறுநாள் தராசைத் திருப்பிக் கொடுத்தேன்.
"எத்தினி இருந்துது?"
சொன்னேன்.
"சுத்தம் பண்ணியா, பண்ணாமயா?"
சுற்றியிருந்த கூடைக்காரிகள் எல்லாம் சிரித்தார்கள்,
நானும்.

ஓர் ஆளுக்கு எவ்வளவு மீன் வாங்குவதென்று தெரியாமல்
ஒரு சங்கரா மட்டும் வாங்கினேன்.
முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரை
பெரிய பைக்குள் அது
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
முட்டிக்கொண்டே வந்தது.